அடுப்பில் போட்ட கொப்பிகள்

ரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன்னிருக்கையில் தேயிலை பெக்டரியில் அடுப்பெரிக்கும் ஒருவரும் அவருடைய தங்கையும் இருந்தார்கள்.

"நெலக்கரி எரியிறப்ப, தீய தொடாமலே லேசர் வெளிச்சத்த உள்ள விட்டு எவ்வளவு சூடுன்னு பாக்கலாமாம். மகன் கெம்பஸ்ல அதத்தான் படிச்சான்," என்றார் அவர்.

"அவன சந்தேகத்துல பிடிச்சு வச்சிருக்கிற மாத்தளை பொலிஸ்ல அத சொன்னீங்களாண்ணே?"

"சொன்னேன். பாடம் எழுதின கொப்பியக் கொண்டாந்து காட்டு, விட்டுர்றோம்னாங்க. கெம்பஸ்ல கேட்டு வாங்கலாம்னா அதுவும் மூடிக் கெடக்கு."

"கொப்பி வீட்டுல இருக்குந்தானே?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவன பிடிச்ச அன்னைக்கே நம்ம லயத்து வீட்டையும் செக் பண்ண வருவாங்கன்னு பயந்துட்டேன். கொப்பி பூரா தீயும் லேசருமா படம் வரைஞ்சிருந்தான். குண்டு செய்யிற படம்னு சொல்லிருவாங்கன்னு எல்லாத்தையும் பெக்டரி அடுப்புல போட்டுட்டேன். தடிச்ச கொப்பி, சீக்கிரம் புடிக்கல. நானே கம்பியால கிளறிவிட்டேன்."

தங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப என்னண்ணே கொண்டு போறீங்க?"

"ஒண்ணும் இல்ல. அப்பா கொப்பியக் கொண்டாருவாருன்னு அவங்ககிட்ட அவனேதான் சொல்லியிருக்கான்."