கத்திரியை உள்ளே கொண்டு போகாதீங்கக்கா

...பத்து கிலோ அரிசிக்கா, அதுல பாதி கல்லு. உஸ்கென் ஊரு சிவப்பரிசி, நல்ல அரிசின்னு பேரு, கல்லு பொறுக்கிப் பொறுக்கி என் கண்ணுதான் சிவந்துபோச்சு. நீங்க உக்காருங்க. நீங்க கொண்டாந்த கத்திரிக்கோல மடியிலயே வச்சுக்கோங்க, உள்ள கொண்டு போகாதீங்க. எங்க அத்தை கேட்டு விட்டாங்கன்னு தெரியும். கொஞ்சம் பொறுங்க, சொல்றேன்.

நான் யார்கிட்டயும் இவ்ளோ பேச மாட்டேன்க்கா. வந்து நாலு வருசமாச்சு, எங்க மாமா, புருசனோட அப்பா, அவர் முன்னால இன்னும் நிமிந்துகூடப் பார்த்ததில்ல. நீங்க குடிவந்து மூணு நாள்தான் ஆச்சு, ஒண்ணும் பேசவும் மாட்டேங்கிறீங்க, அதான் எனக்கு வாய் தானா வருது.

அதோ, கோழியைத் துரத்துதே, அது பொண்ணு இல்ல. என் பையன். பெக்துர். ரெண்டு வயசு முடிஞ்சிடுச்சு, பொறந்த முடி அப்படியே இருக்கு. கண்ணுல விழுதுன்னு நான்தான் ரிப்பன் கட்டினேன். முந்தாநாள் முலாம்பழக்காரன், பாப்பாவுக்கு ஒரு தோடு போடக் கூடாதான்னு கேட்டுட்டுப் போறான். அதுலேர்ந்து மாமா வீட்டுல யாரோடயும் பேசல.

முதல் முடிய தாய்மாமன்தானே எடுக்கணும். எங்கண்ணன் இருக்கான், சமார்பெக், வாசல்ல நுழையறப்ப தோளை ஒருக்களிச்சுத்தான் நுழைவான், அவ்ளோ பெரிய ஆளு. அம்மா அப்பா போனப்புறம் எனக்குப் பொறந்த வீடுன்னா அவன்தான். அவன் இருக்கறது தொகுஸ்தோரோவுல. பார்த்தீங்களா, உங்களுக்கே தெரியல. ஊர் பேர் சொன்னா அது நம்ம நாட்டுலயான்னு கேக்கிறாங்க. டிவியில மழை சொல்றவன்கூட எங்க ஊரைத் தாண்டிப் போயிடுவான். மலைக்கு அந்தப் பக்கம்க்கா, அவ்ளோதான். பனி விழுந்தா கணவாயை மூடிடுவாங்க, அப்புறம் ஜூன் மாசந்தான். கல்யாணமாகி வந்தவ, ஒரு தடவ போகல. முதல்ல பனி, அப்புறம் வயித்துல இவன், அப்புறம் இவனுக்குக் கக்குவான் இருமல்.

இப்ப என்னாச்சுன்னா, முந்தாநாள் ராத்திரி கதவுக்கு அந்தப் பக்கம் அத்தை சொல்றாங்க, வெள்ளிக்கிழமை பையனுக்கு முடி எடுத்துடணும்னு. மாமா ம்னு சொல்றாரு. நாளைக்கு வெள்ளிக்கிழமை. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. விருந்துக்கு அரிசி வந்தாச்சு, நாலு முலாம்பழம், வாதுமை ஒரு மூட்டை. மாமாவுக்குப் புதுச் சட்டை வேற, அது அவருக்கு ரெண்டு ஆள் போடுற மாதிரி இருக்கு, அதைக்கூடப் பார்த்து வாங்கல. அண்ணனை விட்டுட்டு மாமாவே முடி எடுக்கப் போறாரு. அண்ணன் இதைக் கேட்டா அப்புறம் இந்த வீட்டுப் படி ஏறுவானா? நான்தான் எந்த முகத்தோட அங்க போவேன்?

அதான்... கத்திரிய எடுத்து ஒளிச்சுட்டேன். நான் உக்காந்திருக்கேனே, இந்தக் கம்பளத்துக்கு அடியில. காலையிலேர்ந்து எழுந்திருக்கல. வீடே தேடுது. அத்தை மாவு டப்பாவுலகூட கைய விட்டுப் பார்த்துட்டாங்க. கடைசியில உங்க வீட்டுக்கு ஆள் அனுப்பிட்டாங்க.

அப்படிப் பார்க்காதீங்க. தப்பு எம்மேலயும்தான். வசந்தத்துல அண்ணன் போன் பண்ணி, நான் வரவா, நீங்க கூட்டிட்டு வரீங்களான்னு கேட்டான். பெரியவங்க சொல்றபடின்னு சொல்லிட்டுப் போனை வச்சுட்டேன். பொறந்த வீட்டுக்குப் போகணும்னு மருமகளே வாயத் திறந்தா நல்லாவா இருக்கும்? அத்தை, உன் அண்ணன் என்ன சொன்னாருன்னு கேட்டாங்க. நலம் விசாரிச்சாருன்னு சொல்லிட்டேன். அவனும் கூப்பிடுவாங்கன்னு காத்திருக்கான், இவங்களும் வருவாருன்னு காத்திருந்தாங்க. நடுவுல நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். மாடு கேட்டாகூட எனக்குப் பதில் வரும், மனுசங்க கேட்டா நாக்கு ஒட்டிக்குது.

அந்தக் கார் வேற, விடியக்காலையிலேர்ந்து வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கு. விருந்துக்கு முதநாளே வந்து உக்காந்துட்டாங்க போல. எழுந்து போய்ப் பார்க்கலாம்னா, நான் எங்க எழுந்திருக்க...

இருங்க, அத்தை கூப்பிடறாங்க.

"குல்பரா, பக்கத்து வீட்டுலேர்ந்து கத்திரி வந்துச்சா இல்லையா? பனி விழறதுக்குள்ள கணவாயைத் தாண்டணும்னு கார்க்காரன் குதிக்கிறான். அங்க போய் ஆடு மயிர் வெட்டுற கத்திரியாலயா உன் அண்ணன் என் பேரன் தலையில கை வைக்கணும்? உன் புருசன் உன்கிட்ட ஒண்ணும் சொல்லலியா? அரிசியை அப்படியே கட்டிட்டுப் பிள்ளையத் தூக்கிட்டு வா."

...அக்கா. கேட்டீங்களா?

அந்தச் சட்டை மாமாவுக்கு இல்லக்கா. எங்கண்ணனுக்குத்தான் அவ்ளோ பெரிய தோளு.

இதோ வந்துட்டேன் அத்தை, கத்திரி கிடைச்சுடுச்சு, நம்ம கத்திரியே. அக்கா, எங்க கிடைச்சுதுன்னு கேட்டா நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு சொல்லுங்க, உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, புதுசுதானே. கையைக் குடுங்க, காலு மரத்துப்போச்சு. நான் எழுந்ததும் நீங்க கம்பளத்தைத் தூக்கி, மெதுவா, அத்தை வர்றதுக்குள்ள அந்தக் கத்திரிய...