சத்தம் வந்துடுச்சா?

மத்தியானம் மூன்று மணி. ஆமாம், மத்தியானம்தான். பேய் என்றால் நடுராத்திரிதான் வர வேண்டும் என்று யார் எழுதி வைத்தது? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த மூலையில் தனியாக இருக்கிறவரும் இப்படி வாருங்கள்.

மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் மதிலை ஒட்டி நீளமாக ஒரு சாலை. ஒரு மரம் கிடையாது. ஒரு பெட்டிக்கடை கிடையாது. தார் இளகி டயரில் ஒட்டுகிற வெயில். அந்தச் சாலையில் ஒரே ஒரு ஸ்கூட்டர். ஓட்டிக்கொண்டு போனது என் சிநேகிதனுடைய சித்தி.

பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பது சித்தியின் தொழில். தூக்கிப் போடுங்கள் என்று எல்லாரும் சொல்லும் பெட்டிகளுக்கு எப்படியாவது உயிர் கொடுத்துவிடுவாள். கொண்டையில் எப்போதும் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் செருகியிருக்கும். வீட்டில் ஸ்க்ரூ சித்தி என்றே பெயர். மற்றவர்களுக்குக் கழன்றது எல்லாம் அவளிடம்தான் வரும்.

கடையில் அவளுக்கு ஒரு கூட்டாளி இருந்தான். ஒல்லி என்றே கூப்பிடுவார்கள். மைக்கோ ஸ்பீக்கரோ எதைச் சோதித்தாலும், "ஒண்ணு... ரெண்டு... நாலு..." என்பான். மூணு எங்கேடா என்றால், "கேக்குறவங்க முழிச்சிருக்காங்களான்னு பாக்கத்தாங்க்கா" என்று சிரிப்பான். எட்டு மாதத்துக்கு முன் ஏதோ ஒரு வீட்டு வேலைக்கென்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். திரும்பவே இல்லை. எந்த வீடு என்று யாரிடமும் சொல்லவில்லை. யாரோடோ ஓடிவிட்டான் என்று ஆளுக்கு ஒரு கதை கட்டினார்கள். அவன் மனைவி மட்டும் தினமும் கடைக்கு வருவாள். அவன் உட்காரும் ஸ்டூலைத் துடைப்பாள். ஒன்றும் கேட்காமல் போய்விடுவாள்.

சாலை முடிகிற இடத்தில் ஒரு மாடி வீடு. வாசலில் அறுபது தாண்டிய ஒரு அம்மாள் நின்றிருந்தாள். வெள்ளைப் புடவை, கையில் சாவிக்கொத்து, முகத்தில் நல்ல சிரிப்பு.

"வாம்மா. மேல இருக்கு. சத்தமும் வரல, நெட்டும் வரல. எதத் தொறந்தாலும் அப்படியே நின்னுடுது. எங்க வீட்டுக்காரர் பேசி வச்சது அதுக்குள்ள இருக்கு. அவர் போயி ரெண்டு வருஷமாச்சு. ஒரு தடவ கேட்டுட்டாப் போதும்."

சித்திக்கு மனசு இளகிவிட்டது. பதினான்கு படி ஏறினார்கள். மாடியில் ஒற்றை அறை. ஒரு ஜன்னல், அதிலும் கனமான கம்பி. ஒரு இரும்பு பீரோ. மேஜைமேல் துணி போர்த்திய கம்ப்யூட்டர், பின்பக்கம் பானை மாதிரி வீங்கிய மானிட்டர். அடைத்துக் கிடந்த அறையின் புழுக்கம், சூடான தூசி... அதற்கு அடியில் லேசாகக் கிராம்பு வாசனை. ஒல்லிக்குப் பல்வலி. எப்போதும் வாயில் ஒரு கிராம்பு அடக்கியிருப்பான். சித்திக்கு ஒரு கணம் என்னவோ போலிருந்தது. தலையை உதறிவிட்டு வேலையில் இறங்கினாள்.

பெட்டியைத் திருப்பினாள். ஸ்பீக்கர் வயரைப் பச்சைத் துளையில் சொருக வேண்டும். யாரோ ரோஸ் துளையில், மைக் துளையில், சொருகியிருந்தார்கள். "அட, இவ்வளவுதானா" என்று மாற்றினாள். சத்தம் வரவில்லை. செட்டிங்ஸுக்குள்ளே போய்ப் பார்த்தால் சத்தத்தை இயக்குகிற டிரைவர் புரோகிராமே இல்லை. யாரோ வேண்டுமென்றே அழித்த மாதிரி. பையிலிருந்து சிடியை எடுத்துப் போட்டாள். பெட்டி கிர்ர்... கிர்ர்... என்று அரைத்தது. அணைத்து, மறுபடி போட்டாள்.

கம்ப்யூட்டர் விழிக்கும்போது வருமே ஒரு இசை, அது வந்தது. பிறகு உஸ்ஸ் என்று ஒரு இரைச்சல்.

அந்த இரைச்சலுக்குள்...

"ஒண்ணு... ரெண்டு... நாலு..."

சித்தி மவுஸை நகர்த்தித் திரையெங்கும் தேடினாள். பதிவு செய்தது ஓடுகிறதோ? திரையில் ஒன்றுமே திறந்திருக்கவில்லை. ஒலி அளவைப் பூஜ்யத்துக்கு இழுத்தாள். குரல் குறையவில்லை. "ஒண்ணு... ரெண்டு... நாலு..." தொண்டை வறண்டவன் பேசுகிற மாதிரி.

டிங்.

திரை நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டிப் பெட்டி. பழைய கம்ப்யூட்டர்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தி அனுப்பினால் வரும். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்.

அக்கா, கதவ சாத்த விடாத.

திரும்பினாள். கதவு சாத்திக்கொண்டிருந்தது. எழுந்து ஓடுவதற்குள் வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. கடக்.

"அம்மா! என்ன பண்றீங்க? தொறங்க!"

"சரியானதும் ஒரு குரல் குடும்மா. தொறக்கறேன்." கோபமே இல்லாத குரல். படிகளில் காலடிச் சத்தம் இறங்கிப் போனது.

கதவைத் தோளால் மோதினாள். பழைய காலத்துக் கதவு, அசையவில்லை. போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. கம்பியைப் பிடித்து உலுக்கினாள். கீழே வெறும் சாலை, வெறும் வெயில். கத்தினாள். யார் இருக்கிறார்கள் கேட்க? கழுத்தில் வியர்வை ஊற்றியது. அறை சின்னதாகிக்கொண்டே வருவது போலிருந்தது.

வந்து உட்கார்ந்து, கீபோர்டில் தட்டினாள். எங்கடா இருக்க?

டிங். வயர புடிச்சுட்டே வா.

பெட்டியின் பின்னாலிருந்து நெட்வொர்க் வயர் தரையோடு போய் பீரோவுக்குப் பின்னால் மறைந்தது. பீரோவைத் தள்ளினாள். வயர் சுவருக்குள் போனது. ஆனால் சுவரில் துளை இல்லை... சிமெண்டிலிருந்தே முளைத்த மாதிரி இருந்தது வயர். விரலை மடக்கித் தட்டினாள்.

டொக்.

அந்த டொக் சுவரில் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் கேட்டது. உள்ளே இருப்பவன் காதில் எப்படிக் கேட்குமோ, அப்படி.

பிறகு அவள் தட்டாமலே ஒரு டொக். இன்னொன்று. பிறகு பல கைகள் சேர்ந்து தட்டுகிற மாதிரி...

டிங். சரியாயிடுச்சுன்னு மட்டும் சொல்லாதக்கா. நான் சொன்னேன், அதான் இங்க இருக்கேன்.

அதைப் படித்து முடிக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், அம்மாளின் குரல். படியேறி வந்த சத்தமே கேட்கவில்லை.

"சத்தம் வந்துடுச்சா?"

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்பீக்கரோ பேசிக்கொண்டிருந்தது. "அக்கா... இருக்கியாக்கா? வீட்டுல எப்படி இருக்கா?" வெளியே கேட்டால் தீர்ந்தது. மேஜைக்கு அடியில் புகுந்து பச்சைத் துளை வயரைப் பிடித்தாள். அவனுக்குத் தெரிந்துவிட்டது போல. "அக்கா, வேணாங்க்கா. எடுத்துடாதக்கா. இங்க ஒண்ணுமே கேக்காது... அக்கா..."

எட்டு மாதம் தேடிய ஆள். தம்பி மாதிரி பழகியவன். சித்தி கண்ணை மூடிக்கொண்டு வயரைப் பிடுங்கினாள். ரோஸ் துளையில் சொருகினாள்.

அமைதி.

"வரலம்மா. ஒரு பார்ட்டு போயிடுச்சு. கடையிலதான் இருக்கு, போய் எடுத்துட்டு வந்துடறேன்."

தாழ்ப்பாள் மெல்ல விலகியது.

"ஏதோ பேச்சுக் குரல் கேட்டுச்சே?"

"என் போன்மா." சித்தி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

அம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு பையைக் காட்டினாள். "அது இங்கயே இருக்கட்டும். அப்பத்தான் திரும்பி வருவே."

சித்தி பையை விட்டாள், செருப்பை விட்டாள். கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு ஓடி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். நேரே போய் நின்றது போலீஸ் ஸ்டேஷனில்.

அன்று சாயங்காலமே நாலு போலீஸ்காரர்கள் அந்த வீட்டுக்கு வந்தார்கள். ஒல்லியின் மனைவியும் வந்தாள். அம்மாள் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தாள். "அந்தத் தாழ்ப்பா தானா விழும், பாவம் பயந்துட்டா" என்றாள். சித்தி விடவில்லை. சுவரை இடிக்கச் சொல்லி அடம் பிடித்தாள். ஒரு செங்கல் கனம்தான். இடித்ததும்... வானம். அது வீட்டின் வெளிச்சுவர். அதற்கப்பால் இரண்டாள் உயரத்துக்கு வெறும் காற்று. அறுந்த வயர் நுனி ஒன்று காற்றில் ஆடியது. போலீஸ்காரர் சித்தியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்றைக்கும் சொல்வாள்.

இறங்கும்போது ஒல்லியின் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவர் குரல்தானாக்கா? நிச்சயமா?"

சித்தி ஆமாம் என்றாள். சொல்லியிருக்கக் கூடாது.

அடுத்த வாரமே அந்தப் பெண் தனியாகப் போய்க் கம்ப்யூட்டரைக் கேட்டிருக்கிறாள். அம்மாள் மறுக்கவில்லை. "எடுத்துட்டுப் போம்மா. எனக்கு வேண்டிய குரல் இதுல வரவே இல்ல. வர்றதெல்லாம் ரிப்பேர் பண்ண வந்தவங்க குரல்தான்."

அதிலிருந்து சித்திக்குப் போன்மேல் போன். "அக்கா, ஒரே ஒரு தடவ வந்து பாருங்க. சத்தம் மட்டும் வரல." சித்தி இன்று நாளை என்று தட்டிக் கழித்தாள். வயரை எந்தத் துளையில் மாற்ற வேண்டும் என்றும் சொல்லவில்லை. பிறகு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

போன வாரம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு. எடுத்துவிட்டாள். ஒல்லியின் மனைவிதான். கல்யாணப் பெண் மாதிரி அப்படி ஒரு சந்தோஷம் குரலில்.

"அக்கா! சத்தம் வந்துடுச்சுக்கா! யாரோ ஒரு மெக்கானிக், விளம்பரம் பாத்துக் கூப்பிட்டேன். அஞ்சே நிமிஷத்துல சரி பண்ணிட்டாரு. எங்க வீட்டுக்காரர் பேசுறாருக்கா... என்கிட்ட நல்லாப் பேசுறாரு..."

சித்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஏம்மா... அந்த மெக்கானிக் கிளம்பிட்டாரா?"

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. அதற்குப் பின்னால், எங்கோ உள்ளறையில், யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.