கூட்டம் கலைந்த நியான் மீன்கள்

— என்னங்க சொல்றீங்க, பன்னெண்டு மீனும் மேல வந்து வாயப் பொளக்குதா?

— ஆமா ஆதி. எப்பவும் ஒரே கூட்டமாத்தான சுத்தும்? இப்ப ஒண்ணு ஒரு மூலையில, இன்னொண்ணு வேற மூலையில. ரெண்டு நியான் மல்லாந்தே போச்சு. எனக்குப் பயமா இருக்கு.

— சத்தமாப் பேசுங்க. டூட்டியில இருக்கேன், வார்டு எரைச்சல்ல ஒண்ணும் கேக்கல.

— பாப்பா தூங்குதும்மா. இன்னிக்கு அதிசயமா ரெண்டு மணி நேரமா அசையல.

— தொட்டியில குழாத் தண்ணி ஊத்தினீங்களா?

— ஐயோ, ஒரு சொட்டு ஊத்தல. நீ புடிச்சு வெச்ச மழத்தண்ணியையும் தொடல.

— முட்டத் தொட்டி மேல இருக்கிற கருப்புத் துணிய எடுத்தீங்களா?

— எடுப்பனா? வெளிச்சம் பட்டா முட்ட செத்துடும்னு நீ சொன்னதுலேர்ந்து ஜன்னலக்கூடத் தொறக்கறதில்ல. அதான், போன் லைட்டுல பாக்குறேன்.

— நாலு வாட்டி முட்ட வெளுத்துப் போயி, இந்த வாட்டிதாங்க தங்கியிருக்கு. நாளைக்குப் பொரிஞ்சுடும். இதுவும் போனா என்னால தாங்க முடியாது. பம்பு ஓடுதா?

— ஓடுது. மூச்சு வாங்குதுங்களேன்னு ஃபுல்லா வெச்சேன். அதுக்கப்புறம்தான் இன்னும் மோசம்.

— காத்து கூடினா தேறத்தான செய்யணும்? கொசு மருந்து எதனா அடிச்சீங்களா?

— இல்ல. பூண்டு வாடதான் வீசுது. பக்கத்து போர்ஷன் கண்ணையன் வீட்ல ரசம் வெக்கிறாங்க போல. அதுலயே எனக்குத் தலவலி, கொமட்டல் வேற.

— அவங்கதான் காலையிலயே செஞ்சிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாங்களே!

— அட, ஆமா. மூட்டப்பூச்சிக்கு மாத்திர வெச்சு, வீட்ட இறுக்கப் பூட்டிட்டுப் போனாரு. நெல்லு மூட்டைக்கு வெக்கிறதாம், ஊர்லேர்ந்து எடுத்தாந்தாரு.

— ஐயையோ! அது பூண்டு வாட இல்ல, வெஷப் பொகைங்க. போன மாசம் அந்த மாத்திரையால ஒரு குடும்பமே எங்க வார்டுக்கு வந்துச்சு. நம்ம நடுச்செவுரு ஓடு வரைக்கும்கூட ஏறல, மேல பூரா சந்து!

— மீனு தண்ணிக்குள்ளதான ஆதி இருக்கு? அதுக்கு எப்படி...

— பம்பு என்ன புதுசாவா காத்து செய்யுது? ரூம்ல இருக்கிற காத்ததான் இழுத்து உள்ள விடுது! மீன விட்டுத் தள்ளுங்க. பாப்பாவத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடுங்க. எந்த ரூம்ல படுக்க வெச்சீங்க?

— புழுக்கத்துல அழுதுச்சு. மீன் ரூம்தான் இருட்டா, குளுகுளுன்னு இருக்குதேன்னு... என் மடியிலதான் இருக்கு ஆதி. அதான் மெல்லப் பேசுறேன்.