ஜாடியில் கலந்த மாத்திரை

டீ கொஞ்சம் துவர்க்குது தம்பி, இருந்தாலும் குடிக்கலாம். பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன், கால் ரெண்டும் மரத்துப் போச்சு. உட்கார நாற்காலி கொடுத்தீங்க, அதுவே பெருசு. நீங்க எழுதுறதை எழுதுங்க, நான் மெதுவாத்தான் பேசுவேன்.

என் மருமக மவ்சுனாவைக் கூட்டிட்டு வந்து ஸ்டேஷன்ல வச்சிருக்கீங்க. வாயும் வயிறுமா இருக்கற பொண்ணு. புருஷனுக்கு வலிப்பு மாத்திரையைக் கொடுக்காம ஏமாத்திக் கொன்னுட்டான்னு ஊர் பேசுது. அவ அப்படிச் செய்யல. எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னா, அதை முதல்லேர்ந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

எனக்கு மூணு பசங்க. மூத்தவன் ஹிக்மத், மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். திரும்பி வரும்போது பெட்டியில வந்தான். ஆணி அடிச்சிருந்தாங்க, திறக்கக் கூடாதுன்னுட்டாங்க. உள்ள இருந்தது என் பிள்ளைதானான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நடுவுள்ளவன் உமேத் உயிரோடதான் இருக்கான், அங்கேயே ஒரு ரஷ்யக்காரியோட. முதல்ல வாரா வாரம் போன் பண்ணினான், அப்புறம் பெருநாளுக்கு மட்டும், இப்போ அதுவும் நின்னு போச்சு. உங்களுக்கு நான் சொல்லணுமா? எங்க ஊர்ல ஆம்பளைங்களைக் கல்யாணத்துலயும் மவுத்துலயும்தான் பார்க்க முடியும்.

கடைக்குட்டி திலோவர். கடைசிப் பிள்ளைக்குத்தான் வீடு, அவன்தான் பெத்தவங்களோட இருந்து பார்த்துக்கணும், அதுதானே நம்ம வழக்கம். ஆனா இப்பல்லாம் கடைக்குட்டியும்தான் போறான். என் பிள்ளை போக மாட்டான்னு எனக்கு ஒரு தைரியம் இருந்துச்சு, ஏன்னா சின்ன வயசுலேர்ந்தே அவனுக்கு வலிப்பு. ஆரம்பத்துல அழுதேன். முல்லாகிட்டக் கூட்டிட்டுப் போய் ஓதி ஊத வச்சேன். மத்த ரெண்டு பேரும் போன பிறகு அந்த வியாதி மேல எனக்குக் கோபம் வர்றது நின்னு போச்சு. வலிப்பு வர்றவனை யார் வேலைக்கு எடுப்பா? அவன் அங்கேயும் இங்கேயும் விழுவான், நான் துடைச்சு விடுவேன், சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து ரொட்டியைப் பிச்சுத் தின்னுவோம்.

பொண்ணு வீட்டுல வியாதியைச் சொல்லாமத்தான் கட்டி வச்சேன். சொன்னா யார் கொடுப்பா? வந்த கொஞ்ச நாள்லயே அவ கண் முன்னாடி விழுந்தான். கத்துவா, பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிடுவான்னு நினைச்சேன். அவ அவனை ஒருக்களிச்சுப் படுக்க வச்சா, தலைக்கு மெத்தையை மடிச்சு வச்சா. ஏன் சொல்லலைன்னு என்னை ஒரு வார்த்தை கேட்கல. மறுநாளே மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. நானும் கூடப் போனேன். இத்தனை வருஷம் ஊதியே வளர்த்தீங்களான்னு டாக்டரம்மா ரைஹோனா என்னைத் திட்டினாங்க. மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு வேளை கூடத் தவறக் கூடாது, திடீர்னு நின்னா முன்னை விட மோசமா வரும், உயிருக்கே ஆபத்துன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. எனக்குக் காது நல்லாவே கேட்கும் தம்பி.

மவ்சுனா மாத்திரையெல்லாம் அட்டையிலேர்ந்து பிதுக்கி, காலி ஜாம் ஜாடியில போட்டு, டீ கெட்டில் பக்கத்துலயே வச்சா. கண்ணுல பட்டா மறக்காதாம். காலையும் மாலையும் டீயோட அவ கையாலேயே கொடுப்பா. மருமக இருக்கற வீட்டுல மாமியார் கெட்டிலைத் தொட மாட்டா, உங்க வீட்லயும் அப்படித்தான் இருக்கும். வலிப்பு நின்னு போச்சு. அவன் சதை போட்டான், சத்தமாச் சிரிச்சான். ஒரு வருஷம் போச்சு. ஊரே மருமகளைக் கொண்டாடுச்சு, நானும்தான் கொண்டாடினேன்.

அப்புறம் ஒருநாள் காலையில டீ குடிச்சுக்கிட்டே சொன்னான்.

"அம்மா, வசந்தம் வந்ததும் கிளம்பறேன். ரஷ்யாவுல ஒரு கட்டட சைட்ல ஆள் எடுக்கறாங்க."

"உனக்கு வலிப்புடா."

"எங்க இருக்கு வலிப்பு? நீதான் அதைக் கட்டிக்கிட்டு அழற. டாக்டரம்மாவே போகலாம்னு சொல்லிட்டாங்க."

மவ்சுனா சிரிச்சா. "ரெண்டே வருஷம் மாமி. பல்லைக் கடிச்சுக்கிட்டா ஓடிப் போயிடும். வந்துடுவார்."

எல்லாரும் ரெண்டு வருஷம்னுதான் போறாங்க. ஹிக்மத்தும் அதையேதான் சொன்னான்.

முட்டி வலிக்குதுன்னு நர்ஸ் எனக்குக் கால்சியம் மாத்திரை கொடுத்திருந்தா. அதுவும் வெள்ளை, அதுவும் உருண்டை, கிட்டத்தட்ட அதே அளவு. மவ்சுனா பால் கறக்கப் போயிருந்த நேரம் ஜாடியைத் திறந்தேன். அவன் மாத்திரை எல்லாத்தையும் எடுக்கல, நான் அப்படிப்பட்டவ இல்ல. பாதியை எடுத்துட்டு அந்த இடத்துல கால்சியத்தைப் போட்டுக் குலுக்கி வச்சேன். இனி அவ கைக்கு எது வருதோ அது அவன் நசீபு. அவன் போகணும்னு அல்லாஹ் எழுதியிருந்தா நல்ல மாத்திரையே கைக்கு வந்திருக்கும் இல்லையா? என் கையால அவனுக்கு நான் எதையும் கொடுக்கல. எடுத்ததையும் வீணாக்கல. இதோ கைக்குட்டையில முடிஞ்சு கொண்டு வந்திருக்கேன், வேற யாருக்காவது ஆகும்.

கிளம்பறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி பஜார்ல விழுந்தான். நாக்கைக் கடிச்சு ரத்தம், கால்சட்டை நனைஞ்சு போச்சு, கூட்டமே நின்னு பார்த்துச்சு. சைட்காரன் காதுக்குப் போய், நீ வர வேண்டாம்னுட்டான். வீட்டுக்கு வந்து என் மடியில தலை வச்சு அழுதான். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவன் என் மடியில படுத்ததே இல்ல. பாவமா இருந்துச்சு. நிம்மதியாவும் இருந்துச்சு, எதுக்குப் பொய் சொல்லணும்.

அதோட விட்டிருப்பேன் தம்பி. ஆனா அவன் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சான். இலையுதிர் காலத்துல இன்னொரு சைட் இருக்காம். டாக்டரம்மா மாத்திரை பத்தலைன்னு அளவைக் கூட்டினாங்க. அவங்க கூட்டக் கூட்ட நானும் கால்சியத்தைக் கூட்ட வேண்டியதாப் போச்சு. சலிப்பு பிடிச்ச வேலை. சில நாள் போதும்னு தோணும், அப்புறம் அந்தச் சட்டைப் பை கண்ணுல படும்.

மவ்சுனாவுக்கு அப்பத்தான் தலை சுத்தல் ஆரம்பிச்சிருந்துச்சு. "நான் ஏதாவது தப்பாக் கொடுக்கறேனா மாமி?"ன்னு என்னைக் கேட்டு அழுதா. நீ என்னம்மா பண்ணுவேன்னு சொல்லி அவ தலையை வாரிப் பின்னி விட்டேன். அவ மேல எனக்குப் பிரியம்தான், அதைக் கண்டிப்பா எழுதிக்குங்க.

அன்னைக்கு எங்க வீட்டுத் தோட்டத்துக்குக் கால்வாய்த் தண்ணி விடற முறை. முறையை விட்டா அடுத்த முறை வரைக்கும் பாதாமி மரமெல்லாம் காயும். வழக்கமாப் பக்கத்து வீட்டுக்காரர் துணைக்குப் போவார், அவருக்கு உடம்பு சரியில்ல. தனியாப் போறேன்னான். நான் தடுக்கல. மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனவன், கால்வாய்ல குப்புறக் கிடந்தான். கணுக்கால் அளவு தண்ணி. அதுல ஒருத்தன் சாவான்னு யார் நினைப்பா?

துக்கத்துக்கு வந்த டாக்டரம்மா ஜாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாங்க, வேற மாத்திரை கலந்திருக்குன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. அப்புறம் நீங்க வந்தீங்க. மாத்திரை கொடுத்தது யாருன்னு கேட்டீங்க. எல்லாரும் மவ்சுனாவைக் காட்டினாங்க. நான் ஒண்ணும் சொல்லல, அழுதுக்கிட்டு இருந்தேன்.

இப்ப ஏன் வந்தேன்னு கேட்கறீங்க. அவ அண்ணன் வக்கீலை வச்சிருக்கான். எப்படியும் வெளிய எடுத்துடுவானாம், எடுத்ததும் பிள்ளையோட அவளை ரஷ்யாவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவானாம். எங்க வீட்டு முற்றத்துலயே நின்னு சொல்லிட்டுப் போறான். அவன் எடுத்தா அவனோட போவா, நான் எடுத்தா என் வீட்டுக்கு வருவா. அதனாலதான் அவனுக்கு முன்னாடி நான் வந்தேன்.

ஆமா, நான்தான் செஞ்சேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். விழுவான்னு தெரியும், டாக்டரம்மா சொன்னதும் ஞாபகம் இருந்துச்சு. எங்க கையெழுத்துப் போடணுமோ காட்டுங்க. என்னை எத்தனை வருஷம் வேணும்னாலும் வச்சுக்குங்க, நான் திரும்பி வரும்போது வீட்டுல அவ இருந்தாப் போதும்.

ஒண்ணே ஒண்ணு கேட்கறேன் தம்பி. அவளை விடும்போது, மாமி வந்து கெஞ்சினாங்க, அதனால விடறோம்னு சொல்லுங்க. இதைப் படிச்சுக் காட்டிடாதீங்க. தெரிஞ்சா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அவளும் போயிடுவா.