மழைக்கு மூடிய உச்சிவளையம்

ஐயா, உங்கள் அலுவலகத்துத் தேநீர் நன்றாக இருக்கிறது. ஒரு சிட்டிகை உப்புப் போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், ஆனால் நம் தலைநகரம் பிஷ்கெக்கில் இப்போது யாரும் பால் தேநீரில் உப்புப் போடுவதில்லை. நீங்கள் எசெனைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். மண்டபத்தில் இருந்து ஆரம்பித்தால்தான் நான் எவ்வளவு நியாயமான ஆள் என்று உங்களுக்கு விளங்கும்.

உலகக் கண்காட்சியில் ஒவ்வொரு நாடும் ஒரு மண்டபம் கட்டுகிறது. நம் நாடு ஒவ்வொரு முறையும் மேய்ப்பர்களின் வட்டமான கம்பளக் கூடாரம் கட்டுகிறது. ஒரு முறை கண்ணாடியில் கூடாரம், அடுத்த முறை இரும்பில். அதற்கும் அடுத்த முறை புதுமையாக இருக்கட்டும் என்று கூடாரத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். வந்தவர்கள் சூப்புக் கிண்ணம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாப்பாடு கேட்டார்கள். இந்த முறை போட்டிக்கு வந்த வடிவங்களில் ஒன்று மட்டும் கூடாரம் இல்லை, குதிரை. வாசல் எந்தப் பக்கம் என்று தேர்வுக்குழுவில் கேட்டார்கள். வரைந்தவன் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டான்.

என் வடிவத்தில் எதுவுமே கிடையாது. வெள்ளையாக ஒரு பெரிய வெற்றுக்கூடம். நடுவில், மேலிருந்து, ஒரே ஒரு உச்சிவளையம் தொங்கும். புகை போகவும் வெளிச்சம் வரவும் கூடாரத்தின் தலையில் நாம் வைக்கும் அதே மரவளையம்தான். நாட்டுக் கொடியின் நடுவில் நாம் தினமும் பார்ப்பதுதான். அதன் குறுக்குக் கம்புகளின் நிழல் மட்டும் தரையில் விழும், ஆட்கள் அந்த நிழலுக்குள் நடப்பார்கள். இருபது வருட வேலையில் நான் யோசித்த ஒரே நல்ல யோசனை இது. இதை வெட்கப்படாமல் சொல்கிறேன்.

தேர்வுக்குழுத் தலைவி கிளாரா அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"எர்மெக் தம்பி, கூடாரம் எங்க?"

"இல்லைங்கம்மா. அதுதான் யோசனையே. உச்சி மட்டும் இருக்கு."

"அப்போ கூடாரம் இருக்கு, கண்ணுக்குத் தெரியல. அப்படித்தானே?"

"அப்படியும் சொல்லலாங்கம்மா."

"இத முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல. நான் பயந்தே போயிட்டேன்." கையெழுத்துப் போட்டுவிட்டு விரலை நீட்டினார். "ஆனா வளையம் நெசமா இருக்கணும். நாலு தலைமுறை புகை குடிச்சிருக்கணும். சந்தையில வார்னிஷ் அடிச்சத வாங்கிட்டு வந்த, அது பக்கத்துலயே உன்னையும் தொங்க விட்ருவேன்."

அப்படிப்பட்ட வளையம் எளிதில் கிடைக்காது, ஐயா. அது அப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. கேட்ட இடத்திலெல்லாம் மகன்கள் இருந்தார்கள். கடைசியில் சோன்கோல் ஏரிக்கு மேலே உள்ள மேய்ச்சல் வெளியில் எசெனின் கூடாரத்துக்குள் தலையைக் குனிந்து நுழைந்து நிமிர்ந்தேன், அங்கே இருந்தது. கரி போலக் கறுப்பு. சுற்றியிருக்கிற எல்லோரும் இரும்பு அடுப்பும் குழாயும் வைத்துக்கொண்டார்கள். எசென் மட்டும் குழாய் வைத்தால் வளையம் அசிங்கமாகிவிடும் என்று ஒரு இரும்புச் சட்டியில் நிலக்கரியைப் போட்டு நடுவில் வைத்திருந்தார். புகை நேராக மேலே போய் வெளியேறியது.

எசென் குளிர்காலத்தில் ஜல்லி லாரி ஓட்டுபவர், கோடையில் குதிரைகளோடு மேலே வந்துவிடுவார். என்னைவிட மூத்தவர். கல்யாணம் ஆகவில்லை. வாய் மட்டும் ஒரு குடும்பத்துக்கே போதும்.

"நாட்டுக்காகக் கேக்கிறேன், அண்ணே," என்றேன்.

"என் லாரிக்கு அபராதம் போடுறப்ப மட்டும்தான்டா நாட்டுக்கு என் பேரு ஞாபகம் வருது."

"ஆறு மாசம் குடுங்க. பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்துடறேன்."

"ஆறு மாசம் நான் எதுக்குக் கீழ படுக்கிறது? நட்சத்திரத்துக்கா?"

"புதுசு ஒண்ணு செஞ்சு தர்றேன்."

"அந்தப் புதுச நீயே கொண்டுபோய் வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டேன். அவனுக்கென்ன தெரியப்போகுது?" புளித்த குதிரைப்பாலை, குமிஸை, என் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே சிரித்தார். "இதக் கேளு தம்பி. எனக்குப் பொண்டாட்டி இல்ல, புள்ளை இல்ல. வம்சம் என்னோட முடியுது. நான் செத்தா வழக்கப்படி வளையத்தைக் கழட்டி என் குழிமேல வைப்பாங்க. அப்ப வந்து தூக்கிட்டுப் போ. நான் என்ன, எந்திரிச்சு வந்து சண்டையா போடப்போறேன்?"

ஐயா, இந்த இடத்தைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் வாயால் அனுமதி கொடுத்தார். அனுமதி இல்லாமல் ஒரு ஆணியைக்கூட நான் எடுத்ததில்லை.

அதற்குப் பிறகு அடிக்கடி போனேன். சாக்லேட், வோட்கா, ஒரு முறை லாரிக்கு விளக்குக்கூட வாங்கிப் போனேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வளையத்தை மட்டும் தரமாட்டேன் என்றார். அந்த ஆளை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இருமுகிறாரே என்று கவலைப்பட்டு, நானே காரில் ஏற்றிக் கீழே கொச்கோர் ஊரில் மருத்துவரிடம் காட்டினேன். நன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மனுசன் இன்னும் முப்பது வருசம் இருப்பாரு," என்றார் அந்த மருத்துவர் அம்மா. நல்ல செய்திதான். ஆனால் கண்காட்சி ஏப்ரலில்.

செப்டம்பரில் கடைசியாகப் போனேன். ஒரு வாரத்தில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கீழே இறங்கப்போவதாக எசென் சொன்னார். கீழே போனால் வளையம் அவர் தம்பி முறைக்காரன் வீட்டுப் பரணுக்குப் போய்விடும், சட்டியும் இருக்காது. மதியச் சாப்பாட்டுக்கு இறைச்சி வறுத்தார். இருவரும் குடித்தோம். நான் குறைவாக. குளிருகிறது என்றார், நான் சட்டியில் இன்னும் கொஞ்சம் கரி போட்டேன். பிறகு அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக் குறட்டை விட ஆரம்பித்தார். கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

வெளியே வந்தபோது மழை வருகிற மாதிரி இருந்தது. மழை வந்தால் உச்சிவளையத்தின் மேல் கம்பளத்தை இழுத்து மூடவேண்டும், இது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடாரத்தைச் சுற்றி வந்து இழுத்து மூடினேன். காற்று அடித்தால் விலகிவிடுமே என்று இரண்டு முடிச்சாகக் கட்டினேன். ஓரங்களில் காற்றுக்காகத் தூக்கிவிட்டிருந்த கம்பளத்தையும் இறக்கிவிட்டேன், அவருக்குக் குளிரக் கூடாது. கதவைச் சாத்தினேன். பிறகு காரில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தேன். குறட்டை நின்றதும் கிளம்பினேன்.

சட்டியில் எரிகிற கரி அடைத்த இடத்தில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். நான் கட்டிட வடிவமைப்பாளன், ஐயா. காற்றோட்டம்தான் என் முதல் வருடப் பாடம். தெரியும்.

இறந்தவரை ஊரே சேர்ந்து அடக்கம் செய்தது. குடித்துவிட்டு உச்சியை மூட மறந்திருந்தால் குளிரில் செத்தார் என்றிருப்பார்கள். மூடியிருந்ததால், குடித்துவிட்டுத் திறக்க மறந்து புகையில் செத்தார் என்று முடிவு செய்தார்கள். நான் அழுதேன். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதேன். வழக்கப்படி வளையத்தைக் குழிமேல் வைத்தார்கள். நாற்பதாம் நாள் விருந்து முடியும்வரை அதை நான் தொடவில்லை. அவசரப்பட்டிருந்தால் அப்போதே எடுத்திருக்கலாம், ஆனால் மரியாதை என்று ஒன்று இருக்கிறது. பிறகு பட்டப்பகலில், ஊர்ப் பெரியவர்களிடம் எசென் சொன்னதைச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். அவர்களே காரின் மேலே கட்டிக் கொடுத்தார்கள்.

"உயிரோட இருந்தப்ப நாரின் ஊரையே தாண்டாதவன்," என்றார் ஒருவர். "இப்ப பாரு, கடல் தாண்டிப் போறான்."

கண்காட்சியில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். தீயணைப்பு அதிகாரி ஒருவர் வந்து வளையத்தை நகத்தால் சுரண்டினார். நூறு வருடக் கரியும் கொழுப்பும் ஊறிய மரத்தை ஆட்கள் தலைக்கு மேல் தொங்கவிட முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஊர்த் தச்சர் பிளைவுட்டில் ஒன்று அறுத்தார், கறுப்புப் பெயின்ட் அடித்தார், அதைத் தொங்கவிட்டோம். எசெனின் வளையம் பெட்டிக்குள்ளேயே, மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்களோடு ஆறு மாதம் இருந்தது. மண்டபத்துக்குப் பதக்கம் கிடைத்தது. 'மரபின் உண்மைக்காக' என்று அதில் பொறித்திருக்கிறார்கள். கிளாரா அம்மா பிளைவுட்டுக்குக் கீழே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புகை வாசம் இன்னும் வருது பாரேன்," என்றார்.

முதலிலேயே பிளைவுட்டில் ஒன்று செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது ஏமாற்று. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், ஏமாற்றுக்காரன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

திரும்பி வந்ததும் தொலைக்காட்சியில் பேட்டி எடுத்தார்கள். எசெனுக்கு ஒரு மரியாதை செய்யலாம் என்று தோன்றியது. கடைசியாக அந்த வளையத்தை மழைக்காக மூடிய கை என்னுடைய கைதான் என்று சொன்னேன். பேட்டி எடுத்த பெண் கண் கலங்கினாள். அதைத்தான் புருல் பார்த்திருக்கிறாள். எசெனின் பக்கத்துக் கூடாரத்துக்காரி, அன்று குதிரைப்பால் கறக்கக் கீழே போயிருந்தவள். மழையா, எந்த மழை, நான் அன்றைக்குத் தயிர் உருண்டை காயப்போட்டிருந்தேனே என்று உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள்.

புருல் நல்ல பெண். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவள் சொன்னதையும் மறுக்கப்போவதில்லை. காருக்குப் போகிற வழியில் அவள் விரிப்பைத் தாண்டித்தான் போனேன். இரண்டு உருண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். நல்ல வெயிலில் காய்ந்திருந்தது.