யோசேப் வாங்கிய பிரெஞ்சு வைன்

தலைமைக் கதிரையில் அமர்ந்து, குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் தன் கதையைச் சொல்ல வாய்ப்புத் தந்திருக்கும் அருட்தந்தை அவர்களே! காற்றோடும் கடலோடும் மல்லாடிவிட்டுக் களைத்த உடம்போடு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! குடித்துவிட்டு வருபவனின் காலடி ஓசைக்குக் காதைத் தீட்டிக் காத்திருந்து காத்திருந்து கண்கள் வற்றிய தாய்மார்களே! எருக்கலம்பிட்டியிலிருந்து எங்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்து சிறப்பிக்கும் சகோதரர்களே! கதவோரம் நிற்கும் இளைஞர்களே! தோட்டவெளி மதுவொழிப்புச் சங்கத்தின் செயலாளனும், புகையிரதத்தில் காவலராக இருந்து இளைப்பாறியவனுமான யாகப்பர், உங்கள் அனைவருக்கும் தலை தாழ்த்தி வணக்கம் சொல்கிறேன்.

சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. செயலாளர் பையில் போத்தலோடு மூன்று நாள் ஊருக்குள் நடந்து திரிந்தார் என்று எழுதியிருக்கிறார்கள். பெரியோர்களே, எழுதியது மெய். என் பையில் போத்தல் இருந்தது. அது பிரான்சு தேசத்துச் சிவப்பு வைன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் கொஞ்சம் செவி தாருங்கள். நான் சொல்லப்போவது சிரிக்கும் கதை அல்ல. இதைச் சொல்வதற்கு, இதோ மூன்றாம் வரிசையில் இருக்கும் யோசேப்பிடமும் அவர் மனைவி எடித்திடமும் அனுமதி பெற்றே இந்த மேடையில் ஏறியிருக்கிறேன்.

யோசேப்பை அறியாதவர் யார்? வலையில் வல்லவன். வள்ளத்தில் வீரன். ஆனால் சாராயத்தின் முன்னால்? சருகு! பதினொரு ஆண்டுகளுக்கு முன், மகன் டிலோஜன் பிரான்சுக்குப் புறப்பட்ட காலையில், வழியனுப்ப வேண்டிய தகப்பன் இறங்குதுறையில் நினைவில்லாமல் கிடந்தான். பெட்டியும் கையுமாக வந்த பிள்ளை ஒரு நிமிடம் நின்று பார்த்தான். எழுப்பவில்லை. தாண்டிப் போனான். அந்தக் கிழமையே யோசேப் நம் சங்கத்தில் கையெழுத்து வைத்தான். அன்று முதல் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனாலும் மகன் தாயோடு மட்டுமே பேசினான். ஊருக்கு வந்த இரண்டு தடவையும் மன்னார் ரவுண் விடுதியில் அறை எடுத்துத் தங்கினான்.

இந்த ஆண்டு டிலோஜனுக்குக் கலியாணம் பொருந்தியது. லியோன் நகரத்துப் பெண், பெயர் கிளேர். பெண்ணின் தகப்பன் மிஷேல், பஸ் ஓட்டி இளைப்பாறியவர். கலியாணத்தை நம் ஊரிலேயே வைக்க இருவரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன் என்று மகன் தொலைபேசியில் தாயிடம் சொன்னான். சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னான்.

“அம்மா, கிளேரின்ர அப்பா இரவுச் சாப்பாட்டோட ஒரு கிளாஸ் சிவப்பு வைன் எடுக்கிறவர். எங்கட வீட்டில அது வழக்கமில்லை எண்டு சொல்லிப்போட்டன். காரணம் சொல்லேல்லை. நீங்களும் சொல்லாதையுங்கோ.”

பக்கத்தில் இருந்த யோசேப் தொலைபேசியை வாங்கினான். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக மகனோடு பேசினான்.

“தம்பி, எனக்காக நீ அந்த மனிசனுக்கு மறைக்காதை. வாறவருக்குப் பிடிச்சதை வைக்கிறது என்ர கடமை. குடிக்காமல் இருக்கிறது என்ர வேலை. வைன் நான் வாங்கிறன்.”

தாய்மார்களே, எடித்தின் நிலையை நினைத்துப் பாருங்கள்! “போத்தல் இந்த வாசலுக்குள்ள வந்தால் நான் வெளிய போவன்” என்றார். அதில் பிழை உண்டா? பட்டவருக்குத்தானே தெரியும் அந்தப் பாடு! யோசேப் நேரே என் வீட்டுக்கு வந்தான்.

“அண்ணை, கொழும்புக்குப் போகவேணும். தனியப் போகப் பயமாக் கிடக்கு. வாறியளே?”

நான் என்ன செய்ய வேண்டும்? சங்கத்தின் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கவா? பயம் என்று வாய்விட்டுச் சொன்ன மனிதனைப் பயத்தோடு தனியே விடவா? காலை றெயினில் இருவருமாக ஏறினோம்.

கொழும்பில் நாங்கள் போன மதுக்கடை அரண்மனை போல இருந்தது. இடப்பக்கம் முழுவதும் சாராயம். யோசேப் அந்தப் பக்கம் திரும்பவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்தபடியே நடந்தான். வைன் அடுக்கில் நின்ற பையன் பார்த்தீபன், நம் மன்னார்ப் பெருநிலப்பரப்பில் வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. பல வருடம் பயணிகள் கப்பலில் உணவு பரிமாறியவன். அடுக்கிலேயே விலை கூடிய போத்தலை யோசேப் கையில் எடுத்ததும், அவன் கேட்டான்:

“ஐயா, என்ன சாப்பாட்டோட வைக்கப் போறியள்?”

“நண்டுக் கறி, விளைமீன் குழம்பு. நல்ல உறைப்பு.”

“அப்ப அதைத் திருப்பி அடுக்கில வையுங்கோ. அது துவர்ப்புக் கூடினது. உறைப்போட சேர்ந்தால் கசக்கும், நாக்கும் எரியும். இதைக் கொண்டுபோங்கோ. பொஜொலே எண்டு சொல்லுறது. லேசானது, பழச்சுவை. கொஞ்சம் குளிர வைச்சுக் குடுங்கோ.”

“விலை?”

“பிரெஞ்சு வைனுக்குள்ள இதுதான் குறைவு.”

யோசேப்பின் முகம் வாடியது. “சம்பந்திக்கு மலிவானதை வைக்கிறதே தம்பி? என்னைப் பற்றி என்ன நினைப்பினம்?”

“அவை எந்த ஊர் ஆக்கள்?”

“லியோன்.”

பையனின் முகம் மலர்ந்தது. “ஐயா, லியோனுக்குப் பக்கத்து மலையிலதான் இது விளையிறது. அவை வீட்டுச் சாப்பாட்டோட எடுக்கிறது இதைத்தான். கப்பலில எத்தினை பேருக்கு ஊத்தியிருக்கிறன். பயப்பிடாமல் வையுங்கோ.”

வாங்கினோம். வந்தோம். யோசேப் போத்தலைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. “உங்களிட்டை இருக்கட்டும் அண்ணை” என்றான். மதுவொழிப்புச் சங்கத்தின் செயலாளன் வீட்டுப் பிரிஜ்ஜில், மோருக்கும் மீனுக்கும் நடுவே, மது குளிர்ந்தது! ஓம், ஐயா, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

விருந்து நாள், போத்தலைப் பையில் எடுத்துக்கொண்டு நானும் போனேன். வெளிச்சம் மறைய முன்னரே மேசை விரித்தாயிற்று. எடித் வீட்டை விட்டுப் போகவில்லை. சமைத்தார். ஆனால் மேசையில் அமரவில்லை. குசினிக் கதவில் சாய்ந்து நின்றார். மிஷேல் போத்தலைத் திறந்து, மரியாதைக்காக முதலில் வீட்டுக்காரரின் கிளாசில் ஊற்றப் போனார். யோசேப் தன் கிளாசை உள்ளங்கையால் மூடினான்.

“தம்பி, நான் சொல்லுறதை அவருக்குச் சொல்லு. நான் குடிகாரன். பதினொரு வருசமாக் குடிக்கேல்லை. நீ போன அண்டைக்கு நான் எங்க கிடந்தனான் எண்டதையும் சொல்லு.”

டிலோஜன் இரண்டு முறை தொடங்கினான், இரண்டு முறையும் நின்றான். மூன்றாம் முறை சொன்னான். சொல்லச் சொல்லக் கிளேர் அவன் கையைப் பற்றிக்கொண்டாள். மிஷேல் போத்தலை மேசையில் வைத்தார். தன் கிளாசையும் தள்ளி வைக்கப் போனார்.

“வேண்டாம்” என்றான் யோசேப். “நீங்கள் குடியுங்கோ. உங்களுக்கெண்டு தேடி வாங்கினது.”

அவர் நண்டை உடைத்துச் சாப்பிட்டார். ஒரு மிடறு குடித்தார். மறுபடி நண்டு, மறுபடி ஒரு மிடறு. ஏதோ சொன்னார். மகன் தகப்பனின் முகத்தைப் பார்த்து மொழிபெயர்த்தான்: “அப்பா, அவையின்ர வீட்டு மேசையில இருக்கிறதும் இதுதானாம். ஆனால் இந்த நண்டோட இது இவ்வளவு பொருந்தும் எண்டு தனக்குத் தெரியாமல் போச்சாம்.”

அப்போது நடந்தது ஒன்று. ஒரு கிளாஸ் முடிந்தது. மிஷேல் தக்கையை எடுத்தார். போத்தலை இறுக மூடினார். ஓரமாக வைத்துவிட்டுச் சோற்றைத் தொடர்ந்தார். அவ்வளவுதான்! ஆனால் குசினிக் கதவில் நின்ற எடித் என் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது.

“அண்ணை, திறந்த போத்தலை மூடி வைக்கிற மனிசனை என்ர வாழ்க்கையில இண்டைக்குத்தான் கண்டனான்.”

தாய்மார்களே, எத்தனை வீட்டில் போத்தல் திறந்திருக்கிறது! எத்தனை வீட்டில் அது மூடப்பட்டிருக்கிறது? அந்தச் சின்னத் தக்கை எங்கள் வீடுகளில் இருந்திருந்தால், எத்தனை தாலி தப்பியிருக்கும்! எத்தனை படகு தப்பியிருக்கும்! எத்தனை பிள்ளைகள் தகப்பனைத் தாண்டாமல், தகப்பனின் கையைப் பிடித்துப் போயிருப்பார்கள்!

எடித் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு மேசையில் அமர்ந்தார். நான் புறப்படும்போது யோசேப் போத்தலை என்னிடம் நீட்டினான். “இதைக் கொண்டுபோங்கோ. அவர் மூடி வைப்பார். எனக்கு அது ஏலாது.” இளைஞர்களே, இதைக் கேளுங்கள்! அந்நியர் முன் கிளாசை மூடிய வீரன், தன் பலவீனத்தை மறக்கவில்லை. ஆகவேதான் மிஷேலின் ஒரு கிளாசுக்காக மூன்று மாலை அதைக் கொண்டுபோனேன், மூன்று மாலை திருப்பிக் கொண்டுவந்தேன். அதைத்தான் ஊர் கண்டது.

மூன்றாம் நாள், டிலோஜன் ரவுண் அறையைக் காலி செய்துகொண்டு பெட்டியோடு தகப்பன் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று சொன்னான்: “அப்பா, சனிக்கிழமை கலியாணத்துக்குக் கோயிலுக்கு நீங்கள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போகவேணும்.” யோசேப் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான்.

அவையோரே! வைன் நல்லது என்று சொல்ல நான் ஏறவில்லை. நம் ஊர்க் காயம் இன்னும் ஆறவில்லை. குடித்து அழிந்த வீட்டுக்குக் குடியைக் காட்டாதீர்கள். ஆனால் சங்கம் எதற்கு? போத்தலை வெறுப்பதற்கா, மனிதனைக் காப்பதற்கா? போத்தலைக் கண்டு ஓடுவது எளிது. அதன் முன் அமர்ந்து, பெற்ற மகனின் வாயால் தன் குற்றத்தைச் சொல்லவைத்து, கையால் கிளாசை மூடுவது எளிதா? அதைச் செய்த ஒருவனுக்குக் கூலியாள் போல் போத்தல் சுமந்தேன். அதற்காக என்னை நீக்க வேண்டுமென்றால் நீக்குங்கள், பதவி பெரிதல்ல. ஆனால் இந்த மண்டபத்தில், இந்த மாலையில் தனியே போகப் பயந்துகொண்டிருக்கும் ஒருவன் இருந்தால், அவன் பெயரைக் கேட்காமல், அவன் கடந்ததைக் கிளறாமல், அவனோடு கொழும்புக்கானாலும் நடந்துபோக ஒரு செயலாளனைத் தெரிவு செய்யுங்கள். அதுவே என் ஒரே விண்ணப்பம்.

பொறுமையோடு கேட்ட அருட்தந்தைக்கும், பெரியோருக்கும், கண்ணீரை மறைத்துக்கொண்டு கேட்ட தாய்மாருக்கும், தன் காயத்தை ஊருக்குத் திறந்து காட்டச் சம்மதித்த யோசேப்புக்கும் எடித்துக்கும் என் நன்றி. உங்கள் வீடுகளில் சமாதானம் தங்கட்டும். வணக்கம்.