சித்திரபுரத்தில் பனியைப் பாதுகாப்பாக வீசும் முறை

எங்கள் ஊரில் பனி பெய்யாது, மேடம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மூணாறுக்கு மேலே செண்டுவாரைப் பக்கம் ஜனவரியில் உறைபனியில் புல் வெளுக்கும், பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுப்பார்கள். சித்திரபுரத்தில் அதுவும் கிடையாது. மழை, மூடுபனி, அட்டை, அவ்வளவுதான். ஆனாலும் பனி வீசும் இயந்திரத்தை வீட்டில் எப்படிப் பாதுகாப்பாக இயக்குவது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

நீங்கள் மலையாளத்திலேயே எழுதிக்கொள்ளலாம். படித்துக் காட்டினால் எனக்குப் புரியும். டீ ஆறுகிறது, குடியுங்கள். கோப்பையை மட்டும் மேசை விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். நன்றி.

என் கணவர் பூபதிராஜாவின் தங்கை குடும்பம் கனடாவில் இருந்தது. அந்த நாடு போதும் என்று அவர்கள் கிளம்பியபோது, எதை விடுவது எதை எடுப்பது என்று தெரியாமல் வீட்டையே கப்பலில் ஏற்றிவிட்டார்கள். சோபா, கட்டில், கண்ணாடி அலமாரி, கூடவே வாசலில் குவியும் பனியை அள்ளித் தூர எறியும் இயந்திரம். கோயம்புத்தூரில் அவர்கள் வாங்கிய ஃபிளாட்டில் அதற்கு இடமில்லை. அண்ணன் மலையில் இருக்கிறார், மலை என்றால் குளிர், குளிர் என்றால் பனி என்று எங்களுக்கு அனுப்பிவைத்தார்கள்.

என் மாமியார் சுருளியம்மாள் அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். முன்னால் பெரிய வாய். வாய்க்குள் திருகு திருகாக இரும்புப் பற்கள். மேலே வாத்துக் கழுத்து மாதிரி ஒரு குழாய்.

“ஏலே, இது மாவரைக்கவா, புல்லு வெட்டவா?”

“பனி அள்ளிப் போடுறதும்மா.”

“பனிய எதுக்குடா அள்ளணும்? வெயில் வந்தா அதுவாப் போயிருமே.”

அந்த இயந்திரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேசப்பட்ட ஒரே நியாயமான வார்த்தை அதுதான். ஆனால் என் கணவர் அப்போது வேறு கணக்கில் இருந்தார். டீ ஃபேக்டரியில் ரோலர் செக்‌ஷனில் இருந்தவர் வேலையை விட்டுவிட்டு, வீட்டின் மூன்று அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டுக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் எல்லாரும் பையை இறக்கியதும் முதலில் கேட்பது, “இங்க ஸ்னோ எங்க இருக்கு?” என்றுதான். இல்லை என்றால் முகம் தொங்கிப்போகும்.

அதனால் அவர் பனியை வரவழைத்தார். மீன் வண்டிகளுக்கு ஐஸ் கொடுக்கிற ஆலையிலிருந்து பொடித்த ஐஸைச் சாக்குச் சாக்காக எடுத்துவந்து முற்றத்தில் கொட்டி, இயந்திரத்தை அதன் மேல் ஓட்டினால், ஐஸ் வானத்துக்குப் போய்த் தூவலாகக் கீழே விழும். விருந்தினர்கள் எங்கள் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு அதில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். லேசாக மத்தி மீன் வாடை அடிக்கும். அவர்களைக் கூட்டிவரும் டிரைவர் ஜிபின், அது கடல்காற்று என்று சொல்லிவிடுவான். ஐயாயிரம் அடி உயரத்தில் எங்கிருந்து கடல்காற்று என்று ஒருவரும் கேட்டதில்லை. மகிழ்ச்சியாக இருக்கிறவர்கள் எதையும் கேட்பதில்லை.

இயந்திரத்தோடு வந்த கையேட்டை என் கணவர் என்னிடம் கொடுத்தார். “நீதான படிச்சவ சிவசங்கரி. படிச்சுட்டு என்ன செய்யணும்னு சொல்லு” என்றார்.

சொல்லு. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து எனக்காக வந்தது அதுதான் முதல் முறை.

அதுவரை என் பேச்சு எங்கள் வீட்டில் எங்கே போய் விழும் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கழிவறையை ஓடைக்கரையில் கட்டாதீர்கள் என்றேன். கட்டினார்கள். முதல் பருவமழையிலேயே அது ஓடையோடு போனது. போன மறுநாள் அவர், “நீ அப்பவே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?” என்று கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவர் காதில் விழுந்திருக்கவில்லை. பக்கத்து அறையில் குழாய் சொட்டுவது மாதிரி என் குரல் அங்கே இருந்தது. யாரும் கேட்பதில்லை, யாரும் நிறுத்துவதுமில்லை. சில நாள் எனக்கே சந்தேகம் வரும். வாய்விட்டுத்தான் சொன்னேனா, மனதுக்குள் சொன்னேனா?

கையேட்டை நான் மனப்பாடமாகப் படித்தேன். இறுக்கமில்லாத உடை கூடாது. சேலை என்றால் இழுத்துச் செருகியிருக்க வேண்டும். காதில் பஞ்சு. இன்ஜின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றக் கூடாது. மூடிய இடத்தில் ஓட்டக் கூடாது. ஓட்டுமுன் முற்றத்தில் கல், கம்பி, குச்சி, மிதியடி எதுவும் கிடக்கக் கூடாது. குழாயை ஆட்களை நோக்கித் திருப்பக் கூடாது. நாங்கள் செய்வதே ஆட்கள் மேல் வீசுவதுதான் என்பதால், நான் குழாயை நேராக வானத்தை நோக்கி வைத்தேன். அங்கே ஆள் யாரும் இல்லை என்று ஒவ்வொரு முறையும் அண்ணாந்து பார்த்துக்கொள்வேன்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று. குழாயில் ஐஸ் அடைத்துக்கொண்டால் கையை விடக் கூடாது. இன்ஜினை அணைத்துவிட்டாலும் விடக் கூடாது. உள்ளே பெல்ட்டில் முறுக்கம் மீதி இருக்கும். அடைப்பு விலகிய நொடியில், ஐஸை மேலே எறியும் விசிறி ஒரு சுற்றுச் சுற்றும். அதற்காகவே இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு குச்சி மாட்டியிருக்கிறார்கள். ஆரஞ்சு நிறம், என் முழங்கை நீளம். அதைத்தான் உள்ளே விட வேண்டும்.

என் கணவருக்கு இது சிரிப்பாக இருந்தது. ஃபேக்டரியில் ரோலரில் இலை சிக்கினால், சுவிட்சை அணைத்துவிட்டு ஒருவன் சுவிட்சருகே நிற்பான், இன்னொருவன் கையை விட்டு எடுப்பான். குச்சி தேடுகிறவன் புது ஆள் என்று பொருள்.

ஆனாலும் அவர் கேட்டார், மேடம். முதல் நாள் நான் முற்றத்தில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, கையை உயர்த்தினேன். இயந்திரம் நின்றது. அவர் நின்றார். எந்தெந்த ஊரிலிருந்தோ வந்திருந்தவர்கள் எல்லாரும் கோட்டுக்குப் பின்னால் நகர்ந்தார்கள். நான் கையை இறக்க மறந்து அப்படியே நின்றேன். எனக்குள் ஏதோ ஒன்று வெகுகாலத்துக்குப் பிறகு உட்கார இடம் கிடைத்தது மாதிரி உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு விதிகளை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தேன். அடுப்பைச் சுற்றி ஒரு கோடு. மிக்ஸி ஓடும்போது எல்லார் காதிலும் பஞ்சு. அத்தைக்கு அது பிடித்துப்போய் நாள் முழுக்கப் பஞ்சோடு இருந்தார். தோசை திருப்பும்போது ஒரு கை தூரத்துக்குள் யாரும் வரக் கூடாது. குக்கர் விசில் அடிக்கும்போது உட்கார்ந்திருப்பவர் எழக் கூடாது, நிற்பவர் உட்காரக் கூடாது. யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அவ்வளவு அமைதியான குடும்பம் அந்த மலையில் வேறு இருந்திருக்காது.

ஓணம் விடுமுறைக்கு வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். நான் கையை உயர்த்தி அவர்களைப் பின்னால் நகர்த்திக்கொண்டிருந்தபோது என் கணவர் இயந்திரத்தில் சாய்ந்து நின்று சொன்னார்.

“இவங்கதான் எங்க வீட்டு சேப்டி ஆபீசர். பெட்ரூம்லயும் மஞ்சக் கோடு போட்டு வச்சிருக்காங்க. தாண்டணும்னா கைய தூக்கி பர்மிசன் கேக்கணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். ஜிபின், “சேச்சிக்கு ஒரு விசில் வாங்கித் தரட்டே?” என்றான். அதற்கும் சிரித்தார்கள்.

படுக்கையறையில் கோடு கிடையாது. அளந்து வைத்திருந்தேன், போடவில்லை.

“இருக்கட்டும்ங்க, கோட்டுக்குப் பின்னால வாங்க” என்று மட்டும் சொன்னேன்.

“ஏ போடி. ரோலர்ல கை விட்டு வளந்தவன் நான். ஆப் பண்ணுன மெசின் செத்த பாம்பு. செத்த பாம்புக்கு எவளாவது கோடு போடுவாளா?”

அன்று மாலையே மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துக் கோட்டை அழித்தார். அடுப்பைச் சுற்றி இருந்ததையும் அழித்தார். அத்தை காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கிப் போட்டார். வீடு மறுபடியும் டிவி சத்தத்தால் நிறைந்தது. நான் பேசிப் பார்த்தேன். பக்கத்து அறைக் குழாய் சொட்டியது.

நான் கோபப்படவில்லை. என் மனதை நன்றாகத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இரக்கம்தான் இருந்தது. பாதுகாப்பு என்றால் என்னவென்று தெரியாமலே வாழ்ந்து முடிக்கப்போகிற ஒருவரிடம் வேறு என்ன தோன்றும்? கோடு போனாலும் ஒரு பழக்கம் அவரிடம் மிச்சம் இருந்தது. அடைப்பு வந்தால் அவர் கை தானாகக் குச்சிக்குப் போகும். அவருக்குள் நான் விதைத்ததில் முளைத்தது அது ஒன்றுதான்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீடுகளில் அன்று அரிவாளும் கொழுந்து வெட்டும் கத்தரியும்கூட ஓய்வெடுக்கும். இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, முற்றத்திலேயே நிறுத்தினோம். நான் குச்சியைக் கழற்றிக் கழுவினேன்.

“அத்த, இது கைக்கருவி. பேனா மாதிரிதான. உள்ள சாமிகிட்ட வச்சிருவமா?”

“வையி. நல்லதுதான்.”

குச்சிக்குப் பொட்டு வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களின் மேல் வைத்தேன். வெளியே நிற்கிற சாமானுக்கு அத்தையின் சட்டம் கொஞ்சம் இளகும். சாமி முன்னால் வைத்ததற்கு இளகாது. விஜயதசமியன்று குளித்து, மறுபூஜை செய்துதான் எடுக்க வேண்டும். குளிக்காமல் தொட்டால் அந்த வருஷம் முழுக்கப் பேசுவார்.

விஜயதசமி காலையில் விருந்தினர்கள் இருந்தார்கள். பனியைப் பார்த்துவிட்டு மதுரைக்குக் கிளம்ப வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். அதற்கு முன்பே நான் விதிப்படி முற்றத்தைச் சுத்தம் செய்திருந்தேன். விறகை வீட்டுக்குப் பின்னால் அடுக்கினேன். விளக்குமாற்றை உள்ளே வைத்தேன். வேலியில் கிடந்த சுள்ளியைக்கூட விடவில்லை. என் கணவர் பல்லைத் தேய்த்துவிட்டு நேராக வந்து இயந்திரத்தைக் கிளப்பினார். அன்றைக்கு ஐஸ் ஈரமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் குழாய் அடைத்துக்கொண்டது.

அவர் இன்ஜினை அணைத்தார். திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார்.

“குச்சி எங்கடி?”

“சாமிகிட்ட இருக்கு. குளிச்சுட்டுல்ல எடுக்கணும்.”

உள்ளேயிருந்து அத்தை, “குளிக்காம சாமி சாமானத் தொட்டுறாதடா பூபதி!” என்றார். அத்தை சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

“இந்தக் குளிர்ல இப்பக் குளிக்கவா? வேற குச்சி எதுவும் கெடக்கா பாரு.”

“எல்லாத்தையும் ஒதுக்கிட்டேன். விதி.”

விருந்தினர் ஒருவர் மணி பார்த்தார். ஜிபின், “சேட்டா, செத்த பாம்பல்லே?” என்றான். என் கணவரும் சிரித்தார்.

நான் குளித்திருந்தேனா என்று கேட்கிறீர்கள். ஆமாம், விடியற்காலையிலேயே குளித்துவிட்டேன். நான் போய் எடுத்துவந்திருக்கலாம். அவர் எங்கே என்றுதான் கேட்டார், எடுத்துவரச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னேன்.

நேரம் இருந்ததா என்றும் கேட்டீர்கள். இருந்தது. அவர் குனிவதற்கு முன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டார். இறுக்கமில்லாத உடை கூடாது என்ற விதி அவருக்கு நினைவிருந்தது. அதைப் பார்க்க எனக்கு உள்ளம் நெகிழ்ந்தது. ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல் போதும். அது என் நாக்கில் இருந்தது. எத்தனையோ தடவை சொன்ன சொல். ஆனால் எத்தனை நாளைக்குத்தான் நானே சொல்லிக்கொண்டிருப்பது? ஒரே ஒரு முறை, நான் சொல்லாமல் அவருக்குத் தானாகத் தோன்றுகிறதா என்று பார்க்க விரும்பினேன். தோன்றாவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

விசிறி ஒரு சுற்றுத்தான் சுற்றியது. கையேட்டில் சொன்னது போலவே. குழாயிலிருந்து கொஞ்சம் ஐஸ் மேலே போய்ச் சிவப்பாக விழுந்தது. விருந்தினர்கள் கைதட்டினார்கள். சர்பத் ஊற்றியிருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தவறில்லை, சிறு குழந்தை ஒன்று வாயைக்கூடத் திறந்துகொண்டு நின்றது. என் கணவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் சத்தம் வந்தது.

நான் கையை உயர்த்தினேன். எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள். கோடு இல்லாமலே.

முதலுதவியில் எந்தக் குறையும் வைக்கவில்லை. நாலு விரலையும் தேடி எடுத்துச் சுத்தமான பையில் போட்டு ஐஸில் வைத்தேன். ஐஸுக்குப் பஞ்சமில்லை. சேர்க்க முடியாத அளவுக்கு நைந்துபோயிருந்தது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் வந்தது முறைதான்.

அவர் உங்களிடம் தானாக நடந்தது என்று சொல்லியிருக்கிறார் என்றால், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் சொல்கிறேன். குச்சியைச் சாமியிடம் வைத்தவள் நான். சுள்ளிகளைப் பொறுக்கியவள் நான். செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் இதை ஒரு கொடுமை என்று எழுதாதீர்கள். வீட்டைப் பாருங்கள். எவ்வளவு அமைதி. நான் பேசத் தொடங்கினால் அவரே டிவியை அணைத்துவிடுகிறார். தண்ணீர் குடிக்கும் முன்னால்கூட என் முகத்தைப் பார்க்கிறார், நான் தலையசைத்த பிறகு குடிக்கிறார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இப்போதுதான் நாங்கள் ஒருவரையொருவர் புரிந்துகொண்டிருக்கிறோம். அவருக்கு என்மேல் ஒரு வருத்தமும் கிடையாது. நீங்களே கேட்டுப் பாருங்கள், வெளியே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார், நான் கூப்பிட்டால் உடனே வருவார்.

ஒரு நிமிடம் பொறுங்கள், மேடம். என்ன சொல்ல வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டு வருகிறேன்.